ஆறு பத்துக்குச் சுழலும் ஸ்டார்ட்டர்

அந்த மெக்கானிக்குக் கடைத்தெருவில் 'மூணு தடவை' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லி விசாரித்தால் பக்கத்துக் கடைக்காரர்கூட உதட்டைப் பிதுக்குவார். வந்து வந்து போகிற கோளாறு என்றால் அதை அவன் தன் கையால் மூன்று தடவை வரவழைப்பான், மூன்று தடவை போகவைப்பான், பிறகுதான் வண்டியைக் கொடுப்பான். "அதான் ஸ்டார்ட் ஆயிடுச்சே, கொடுப்பா" என்று கெஞ்சுகிறவர்களிடம், "தானா வந்தது தானா போயிருந்தா, அது எங்க போயிருக்கும்? என் வீட்டுக்கா? உன் வண்டியிலதான் எங்கியோ ஒளிஞ்சு உட்கார்ந்திருக்கு" என்பான். அவசரக்காரர்கள் வேறு கடை பார்த்துக்கொள்வார்கள். போனால் போகட்டும் என்று திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். அவ்வளவு கர்வம்.

அந்த விதியை அவன் ஒரே ஒரு முறைதான் மீறியிருக்கிறான். மூன்று வருடமாக அது யாருக்கும் தெரியாது.

வியாழக்கிழமை காலை அவனுடைய அக்கா மகள் காரை ஓரமாக நிறுத்திவிட்டுக் கடைக்குள் வந்தாள். வந்ததும் வராததுமாக, "மாமா, அப்பாவோட பைக்கை நீங்க பாக்கணும்" என்றாள்.

அவன் கையிலிருந்த ஸ்பேனரைத் துடைத்தான். துடைத்ததையே மறுபடி துடைத்தான். அத்தான் இறந்து மூன்று வருடமாகிறது. அந்த வண்டியின் பக்கம் அவன் போனதே இல்லை. அக்கா வீட்டுக்குப் போனாலும் வாசலோடு பேசிவிட்டு, வேலை தலைக்கு மேல் கிடக்கிறது என்று கிளம்பிவிடுவான்.

"அதை யாரும்மா ஓட்டப்போறாங்க? அதுல போய் என்ன பாக்கறது?"

"தினமும் சாயங்காலம் ஆறு பத்துக்கு அதுவா ஸ்டார்ட்டர் சுத்துது மாமா. சாவியே போடாம. அப்பா வேலை முடிஞ்சு வர்ற நேரம் அது. நானே ரெண்டு நாள் நின்னு கேட்டேன். உடம்பெல்லாம் சிலிர்த்துப்போச்சு." அவள் குரல் இறங்கியது. "அம்மா அஞ்சரைக்கே ஷெட்டுல ஸ்டூல் போட்டு உட்கார்ந்துடறாங்க, ரெண்டு கப் காபியோட. ராத்திரி சாப்பாடே கிடையாது. பதினோரு கிலோ இளைச்சுட்டாங்க. டாக்டர் இப்படியே விட்டா தாங்காதுன்னுட்டார். என்கூட வந்துடுங்கன்னா, அவர் வந்து தேடினா என்ன பண்றதுன்றாங்க. அது வெறும் ஒயர் கோளாறுன்னு நீங்க காட்டிட்டா கிளம்பிடறேன்னு ஒத்துக்கிட்டாங்க. நீங்க சொன்னாத்தான் நம்புவாங்களாம்."

"ஒயராத்தான் இருக்கும்" என்று அவன் யோசிக்காமல் சொன்னான். மெக்கானிக்குகள் வாயில் தானாக வருகிற பதில் அது.

மத்தியானம் போனான். அக்கா வீட்டின் பின்புறம், தகரக் கூரை போட்ட ஷெட். மேற்கே ஒரு கண்ணாடி ஜன்னல். நடுவில் வண்டி நின்றது. இத்தாலிக்காரன் செய்த பழைய வண்டி. எஞ்சினின் இரண்டு தலைகளும் பெட்ரோல் டாங்குக்குக் கீழே இரண்டு பக்கமும், சண்டைக்கு முழங்கையை மடக்கிக்கொண்டு நிற்கிறவனைப் போலத் துருத்திக்கொண்டிருக்கும். "இத்தாலிக்காரங்க எஞ்சினை ராஜாவுக்குச் செய்யறாங்க, ஒயரிங்கை மட்டும் தூக்கத்துல செய்யறாங்க அத்தான்" என்று அவன் கேலி செய்வான். அத்தான் கோபித்துக்கொண்டு அரை மணி நேரம் பேச மாட்டார்.

வண்டியில் ஒரு கீறல் இல்லை. அதுதான் கொடுமை. அவர் இறந்த அன்று நெடுஞ்சாலைத் திருப்பத்தில் எஞ்சின் பட்டென்று அணைந்திருக்கிறது. அத்தான் வண்டியை ஓரமாகத் தள்ளி நிறுத்திவிட்டு, முன்பக்கம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். பின்னால் வந்த லாரி வண்டியைத் தொடாமல் அவரை மட்டும் அடித்துக்கொண்டு போய்விட்டது. எஞ்சின் ஏன் அணைந்தது என்று சாவு வீட்டில் யாரோ கேட்டபோது, "பெட்ரோல் குழாய் அடைச்சிருக்கும்" என்று சொன்னது இவன்தான். மெக்கானிக்கே சொன்ன பிறகு மறுபேச்சு ஏது?

அக்கா ஷெட் வாசலில் நின்றாள். கழுத்தெலும்பு தெரிந்தது. "வந்துட்டியாடா தம்பி" என்றாள். மூன்று வருடமாக ஷெட் பக்கம் வராததைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"பேட்டரி எப்படிக்கா உசிரோட இருக்கு?"

"ஞாயித்துக்கிழமை சார்ஜர்ல போடுவேன். அவர் போடுவாரில்ல, அதான்."

சரி, அதற்குக் காரணம் கிடைத்துவிட்டது. அவனுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒரு காரணம் இருக்கும், வேலையில் இறங்கினால் பயம் போய்விடும் என்று சட்டைக் கையை மடித்துவிட்டான். ஸ்டார்ட்டர் பட்டனைக் கழற்றிப் பார்த்தான், சுத்தமாக இருந்தது. ரிலேயை மாற்றிப் பார்த்தான், பழையதே நன்றாகத்தான் வேலை செய்தது. தீப்பொறிக்கான இரண்டு காயில், இரண்டு பாயின்ட்டு, கழற்றி வெளியே வைத்த இரண்டு பிளக், அத்தனையும் ஒழுங்கு. ஹெட்லைட்டைத் திறந்து ஒவ்வொரு கம்பியாக மீட்டரை வைத்துப் பார்த்தான். நாலரை மணிக்கு டாங்கைத் தூக்கி இறக்கினான்.

ஹேண்டில் திரும்புகிற கழுத்துக்குப் பின்னால், ஒயர்க் கட்டை யாரோ இறுக்கிக் கட்டியிருந்த இடத்தில் அது இருந்தது. பேட்டரியிலிருந்து சாவிக்குப் போகும் சிவப்பு ஒயர். ஹேண்டில் திரும்பும்போதெல்லாம் இரும்பில் உரசி உரசி அதன் தோல் அரை விரல் நீளத்துக்குப் போயிருந்தது. உள்ளே செம்பு இழைகள் அறுந்து, மிச்சம் இரண்டு. பக்கத்திலேயே ஸ்டார்ட்டருக்குப் போகும் ஒயரும் தோல் உரிந்து கிடந்தது. இரண்டும் ஒட்டினால் சாவியே வேண்டாம், ஸ்டார்ட்டர் தானாகச் சுற்றும்.

அவனுக்கு வந்த சந்தோஷம் ஒரு மூச்சு நேரம்கூட நிற்கவில்லை. அந்த இரண்டு இழையும் ஒரு திருப்பத்தில் விலகினால் எஞ்சினுக்கு மின்சாரம் நின்றுபோகும். பட்டென்று அணைந்துவிடும்.

அன்று காலை அத்தான் கடைக்கு வந்து இதைத்தான் சொன்னார். "திருப்பத்துல சில சமயம் அணைஞ்சுடுதுடா, என்னன்னு பாரு." அவன் ஹேண்டிலை இப்படியும் அப்படியும் திருப்பினான். ஒரு தடவைகூடக் கோளாறு வரவில்லை. கடையில் அன்று நாலு வண்டி காத்திருந்தது. சொந்தக்காரர்தானே, எப்போது வேண்டுமானாலும் மறுபடி பார்த்துக்கொள்ளலாம் என்று பாயின்ட்டைத் தேய்த்துவிட்டு, "சரியாயிடுச்சு அத்தான்" என்று சாவியை நீட்டினான். மற்றவர்களிடம் காட்டிய கறாரைச் சொந்த அத்தானிடம் காட்டவில்லை. டாங்கை மட்டும் தூக்கிப் பார்த்திருந்தால் போதும்.

கையைப் பழைய துணியில் துடைத்துக்கொண்டு அக்காவைக் கூப்பிட்டான்.

"இதோ பாருக்கா." ஹேண்டிலை இடது பக்கம் திருப்பி ஒயரை அழுத்தினான். கிர்ர்ரென்று ஸ்டார்ட்டர் சுற்றியது, வண்டி ஒரு பக்கமாகத் தோளைக் குலுக்கியது. அக்கா ஓர் அடி பின்னால் போனாள். விரலை எடுத்தான், நின்றது. இன்னொரு தடவை செய்தான். சுற்றியது, நின்றது. "பகல் பூரா வெயில் அந்த ஜன்னல் வழியா இது மேல விழுது. சாயங்காலம் பக்கத்து மாடி மறைக்குது. சூடு குறைஞ்சதும் எல்லாம் சுருங்கி, ரெண்டும் ஒட்டிக்குது. அவ்வளவுதான்."

கோடையிலும் மழைக்காலத்திலும் வெயில் ஒரே நேரத்தில் இறங்குவதில்லை என்பது அவனுக்குத் தெரியும். அதை விழுங்கிக்கொண்டான்.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகையா சிரிப்பா என்று முதலில் தெரியவில்லை. "ஒரு ஒயருக்காடா மூணு வருஷமா காபி போட்டு வெச்சேன்? அதுவும் சக்கரை கம்மியா!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவனும் சிரித்தான். மூன்று வருடத்தில் அவள் சிரித்து அவன் பார்த்ததில்லை. அவள் உள்ளே போய், எப்போதோ கட்டி வைத்திருந்த பையோடு திரும்பினாள். வாசலில் மகள் காரோடு காத்திருந்தாள்.

மூன்றாவது தடவை வரவழைத்துப் பார்க்க அவனுக்கு மனம் வரவில்லை. கட்டரை எடுத்து இரண்டு ஒயரையும் வெட்டினான். பேட்டரியைக் கழற்றித் தூக்கி ஜன்னல் ஓரம் வைத்தான். இனி இந்த வண்டியில் சுற்றுவதற்கு ஒன்றுமில்லை.

அக்கா கிளம்பப்போனவள் நின்றாள். வெட்டிய சிவப்பு ஒயரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி, இது அன்னிக்கும் இப்படித்தான் இருந்திருக்குமா?"

அவன் கட்டரைத் துடைக்க ஆரம்பித்தான்.

"சேச்சே. இது நின்னு நின்னு கெட்டுப்போனது. அப்ப நல்லாத்தான் இருந்துச்சு."

"அன்னிக்கு உன் கடைக்கு வந்துட்டுத்தானே போனார்?"

"காத்துப் பிடிக்க வந்தாருக்கா."

கிர்ர்ர் என்றது.

முதலில் வெளியே ஏதோ வண்டி என்றுதான் நினைத்தான். பிறகு டாங்க் இல்லாத அந்த எலும்புக்கூடு அவன் முழங்காலை இடித்தது. ஸ்டார்ட்டர் சுற்றிக்கொண்டிருந்தது. பிளக் இல்லாத ஓட்டைகள் இரண்டும் புஸ் புஸ்ஸென்று மூச்சு விட்டன. அவன் ஜன்னலைப் பார்த்தான். பேட்டரி அங்கேயேதான் இருந்தது. குனிந்து வெட்டிய ஒயரைப் பார்த்தான். இரண்டு முனைக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி. கடிகாரத்தைப் பார்க்க அவனுக்குத் துணிச்சல் இல்லை.

அக்கா பையைக் கீழே வைத்தாள். முகத்தில் பயமே இல்லை, ஒரு மலர்ச்சிதான் இருந்தது. "ஒயர் இல்லடா" என்றாள். "அவர்தான். நான் எங்கியும் வரல, அவகிட்ட சொல்லிடு." மூலையிலிருந்த ஸ்டூலை இழுத்தாள்.

எப்போதும் நாலைந்து சுற்றில் நின்றுவிடும் என்று மகள் சொல்லியிருந்தாள். இன்று நிற்கவில்லை. எந்த ஸ்டார்ட்டரும் இத்தனை நேரம் சுற்றினால் புகைந்துபோகும். அவன் அதன் மேல் கையை வைத்துப் பார்த்தான். பனிக்கட்டிபோல் சில்லிட்டிருந்தது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து, கைகளை மடியில் கோத்துக்கொண்டாள். இவள் இனி இந்த இடத்தைவிட்டு எழுந்திருக்க மாட்டாள், இங்கேயே கரைந்து போவாள் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. அதுவும் அவன் கணக்கில்தான் சேரும்.

"அக்கா, பொய் சொல்லிட்டேன்." சத்தத்தில் அவன் குரல் அமுங்கிப்போனது. கத்தினான். "அன்னிக்கும் இதே ஒயர்தான்! திருப்பத்துல அணையுதுன்னு சொல்லித்தான் அத்தான் வந்தாரு. நான் டாங்கைக்கூடத் தூக்கிப் பாக்கல. ஒரு தடவைகூட வரவழைக்காம சரியாயிடுச்சுன்னு கொடுத்தனுப்பிட்டேன். பெட்ரோல்னு சொன்னதும் என் பயத்துலதான்!"

சத்தம் நின்றது.

நின்ற விதம்தான் அவனுக்குக் குலை நடுக்கம் தந்தது. மெல்லக் குறைந்து நிற்கவில்லை. பேசிக்கொண்டிருந்தவர், கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டதும் வாயை மூடிக்கொள்வதுபோல் நின்றது.

அக்கா அவனைத் திட்டுவாள், அறைவாள் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அவள் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்திலிருந்த மலர்ச்சி கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. இப்போதுதான் விதவையானவள்போல் இருந்தாள்.

"மூணு வருஷமா என்னைத்தான் கூப்பிடறார்னு நெனச்சேன்டா" என்றாள்.

எழுந்து பையை எடுத்துக்கொண்டாள். ஷெட் சாவியைப் பூட்டிலிருந்து உருவி, அவன் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டாள்.

"உன்னைத்தான் கூப்பிட்டிருக்கார். நாளையிலேருந்து நீ வந்து உட்காரு."