காராக நின்ற கட்டில்

காலியாக ஓர் இடம் கிடந்தால் எங்கள் மாநகராட்சிக்குப் பொறுக்காது. நேப்பிள்ஸில் எங்கள் சந்துக்குள் கார் நிறுத்த இடம் கிடைப்பதே பெரும்பாடு. என் வாசலில் மட்டும் மஞ்சள் கோடு போட்டு நோயாளிக்கென்று ஓர் இடம் ஒதுக்கியிருந்தார்கள். என் கணவர் சபத்தீனோவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. டயாலிசிஸ் முடிந்து வேனில் வந்து இறங்கும்போது அவரால் நாலு எட்டுகூட வைக்க முடியாது.

அந்த இடத்தில்தான் போன மாதம் வட்டமாக ஒரு சென்சாரைத் தரையில் பதித்தார்கள். மேலே கார் நிற்காவிட்டால், ஊரில் ஓடும் கார்களின் திரைக்கெல்லாம் ‘இங்கே இடம் இருக்கிறது’ என்று அது சேதி அனுப்பும். பின்னாலேயே இன்ஜினியர் லியோனெட்டி வந்தார். சட்டை கசங்காத மனிதர்.

"அம்மா, இந்த இடம் பெரும்பாலும் சும்மாதான் கெடக்குது. அதனால எல்லாருக்கும் பொதுவாக்கிட்டோம்."

"சும்மா கெடந்தாத்தானே சார் வேன் வந்து நிக்க முடியும்?"

"வேனுக்குப் பக்கத்துலயே வேற இடத்தத் திரை காட்டும்மா."

காட்டியது. சர்ச்சுக்குப் பின்னால். அங்கிருந்து நடந்த சபத்தீனோ, பாதி வழியில் எங்கள் சந்தில் மீன்கடை வைத்திருக்கும் ரஃபிலினாவின் மீன்பெட்டிமேல் சரிந்து உட்கார்ந்துவிட்டார். "விடு நூன்சியா, நமக்கு மட்டும் எதுக்குத் தனி இடம்?" என்றார்.

மறுநாள் ஊர் வழக்கப்படி ஒரு நாற்காலியைத் தூக்கி அங்கே போட்டேன். அடுத்தவர் போட்ட நாற்காலியை எங்கள் சந்தில் யாரும் தொட மாட்டார்கள். திரையைப் பார்த்து வருகிற வெளியாளுக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? மர நாற்காலி சென்சாருக்கும் தெரியவில்லை. ஒருவன் அதை ஓரமாக வைத்துவிட்டுத் தன் காரை நிறுத்திப் போயே போய்விட்டான்.

அவன் காரை எடுத்த பிறகு ரஃபிலினா தன் இரும்புத் தள்ளுவண்டியை அங்கே நிறுத்திக் கழுவினாள். இன்னொருவன் காரிலிருந்து தலையை நீட்டி, "இப்பதான் காலின்னு காட்டுச்சு, அதுக்குள்ள கார் நிக்குதுங்குது. வெறும் தள்ளுவண்டிதானே இருக்கு?" என்று புலம்பிவிட்டுப் போனான்.

ரஃபிலினா என்னைப் பார்த்தாள். "அக்கா, இதுக்கு இரும்புதான் கண்ணுக்குத் தெரியுது போல. தூரின் நகரத்துக்கு வேலைக்குப் போன உங்க மகனோட இரும்புக் கட்டில் சும்மாதானே கெடக்கு?"

சந்துப் பெண்கள் சேர்ந்து கட்டிலை இறக்கினோம். விரிப்பு போட்டு, அதன்மேல் உட்கார்ந்து பட்டாணி உரித்தேன். ஒரு கார்கூட எட்டிப் பார்க்கவில்லை. வேன் வந்தால் கட்டிலைத் தூக்குவோம், போனதும் திரும்பப் போடுவோம்.

வாரம் முடிவதற்குள் லியோனெட்டி வந்து நின்றார்.

"ராத்திரி பகலா ஒரே கார் நிக்குதேன்னு பார்க்க வந்தேன். என்னம்மா கூத்து இது? எடுக்கலைன்னா அபராதம் போடுவேன்."

"தாராளமாப் போடுங்க. கார் நம்பர் என்னன்னு எழுதுவீங்க?"

மாடிகளிலிருந்து சிரிப்பு கேட்டது. அவர் முகம் சிவந்துவிட்டது.

"இது சட்டத்துக்கு விரோதம்மா."

"எம் புருஷன் மீன்பெட்டிமேல விழுந்தாரே, அது எந்தச் சட்டம் சார்?"

அதற்குள் சந்து முனையில் வேன் ஹார்ன் அடித்தது. கட்டிலின் தலைமாட்டைப் பிடித்தேன். ரஃபிலினா கடையில் மீன் நிறுத்துக்கொண்டிருந்தாள்.

"சார், கால்மாட்டைப் பிடிங்க."

அவர் வேன் கண்ணாடியில் சாய்ந்திருந்த முகத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து பிடித்தார்.

சபத்தீனோ வாசலில் இறங்கி, சுவரைப் பிடித்தபடி உள்ளே போனார். வேன் கிளம்பியது. கட்டிலை இன்னும் நாங்கள் இருவரும் ஏந்திக்கொண்டிருந்தோம். இடம் காலியென்று சேதி பறந்திருக்க வேண்டும், சந்து முனையில் ஒரு சிவப்புக் கார் அதற்குள் திரும்பிவிட்டது.

லியோனெட்டி காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சீக்கிரம் இறக்குங்கம்மா, வந்துட்டான்" என்றார். தன் பக்கத்தை அவரே இழுத்து, சரியாகச் சென்சாருக்கு மேலே வைத்தார்.