நுரைக்கு அடியில் குடியிருப்போர்

நுரையக்காவின் பெயரில் கணக்குப்பிள்ளை எழுதி வைத்திருந்த கடன் முப்பத்தேழாயிரத்து அறுநூற்று நாற்பது. அதில் ஒரு காசைக்கூட அவள் கையால் தொட்டதில்லை. கல்யாணத்துக்கு வாங்கவில்லை, ஆஸ்பத்திரிக்கு வாங்கவில்லை. செத்துப்போன ஒரு தொட்டிக்காக அவள் தலையில் ஏற்றி வைத்த கடன் அது. தொட்டி எப்படிச் சாகும் என்று கேட்பவர்கள், சாயப்பட்டறையின் பின்பக்கத்தில் எட்டு வருஷமாக நின்று கால் காய்த்துப்போன அவளைத்தான் கேட்க வேண்டும்.

துணிக்கு நிறமேற்றி அலசிய தண்ணீர் முழுவதும் கடைசியில் அந்தத் தொட்டிக்குத்தான் வந்து சேரும். இரண்டு ஆள் ஆழம். நீளவாக்கில் நடந்தால் நாற்பத்திரண்டு எட்டு. அடியிலிருந்து காற்றுப் பம்பு ஓயாமல் குமிழி விட, மேலே தேநீர் நிறத்தில் நுரை மிதக்கும். பார்க்கிறவர்களுக்கு அது சாக்கடை. அதற்குள்ளே கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி உயிர்கள் சாயத்தையும் கஞ்சியையும் தின்று, பெருகி, செத்து, மறுபடி பெருகிக்கொண்டிருந்தன. அவை தின்றது போக மிச்சம்தான் தெளிந்த தண்ணீராக ஆற்றுக்குப் போகும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், தொட்டியைக் கட்டியவன் "உள்ள இருக்கிறதெல்லாம் உயிரும்மா, பட்டினி போட்டுடாத" என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுப் போனான். மற்றதையெல்லாம் அவளுடைய மூக்குதான் கற்றுக்கொண்டது. மழை பெய்து ஓய்ந்த மண் போல வாசம் வந்தால் உள்ளே சௌக்கியம். முட்டை அழுகினாற்போல் நாறினால் மூச்சு முட்டுகிறது, காற்றைக் கூட்ட வேண்டும். நுரை சோப்பு மாதிரி வெளுத்தால் எதையோ சாப்பிட்டு ஒத்துக்கொள்ளவில்லை. பட்டறைக்கு விடுமுறை விட்டால் தொட்டிக்குச் சாப்பாடு நின்றுவிடும். அந்த நாட்களில் சர்க்கரை ஆலையில் மிஞ்சும் கறுத்த பாகை வாளியில் கரைத்து ஊற்றுவாள். தினமும் காலையில் ஒரு கண்ணாடி ஜாடியில் தொட்டித் தண்ணீரை மொண்டு அரைமணி நேரம் அசையாமல் வைப்பாள். வண்டல் இறங்கி மூன்றாவது கோட்டில் நின்றால் அன்றைக்கு அவளுக்கும் பசி எடுக்கும்.

தங்கையின் பிரசவத்துக்கு மூன்று நாள் லீவு போட்டாள். அதில்தான் வந்தது வினை.

பட்டறையின் சூப்பர்வைசர், முதலாளியின் மனைவிக்குத் தம்பி. அதனால் அத்தனை பேருக்கும் அவர் மச்சான் சார். தாட்பூட்டென்று பேசுவாரே தவிர மனசில் வஞ்சகம் கிடையாது. அழுக்கைக் கண்டால் மட்டும் ஆகாது. துணி வாங்கும் கம்பெனிக்காரர்கள் பட்டறையைச் சுற்றிப் பார்க்க வருகிறார்கள் என்று தெரிந்ததும் வாசலிலிருந்து கக்கூஸ் வரை தேய்த்துக் கழுவச் சொன்னார். கடைசியாகத் தொட்டிக்கு வந்தார். "இத எத்தன வருஷமாடா கழுவல?" என்று பதறிப்போய், பன்னிரண்டு மூட்டை பிளீச்சிங் பவுடரைக் கொட்டச் சொன்னார். மறுநாள் காலையில் நுரை போன இடம் தெரியவில்லை. வந்தவர்களைத் தொட்டி ஓரம் வரை கூட்டிவந்து, "பாருங்க, கழிவுத் தண்ணியே எங்ககிட்ட கண்ணாடி மாதிரி" என்று காட்டினார். அவர்களும் பாராட்டிவிட்டுத்தான் போனார்கள்.

நுரையக்கா திரும்பி வந்தபோது வாசலிலேயே அவள் மூக்கு சொல்லிவிட்டது. ஆஸ்பத்திரி நடையில் வரும் வாசம். ஓட்டமும் நடையுமாகப் போய்க் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். குமிழி வந்துகொண்டுதான் இருந்தது. வெறும் தண்ணீரில் வெறும் குமிழி.

"கொன்னுட்டீங்களே சார்."

"யாரம்மா கொன்னேன்? கழுவி விட்டேன்."

நான்காம் நாள் தொட்டி நாற ஆரம்பித்தது. ஏழாம் நாள் ஆற்றுக்குப் போன தண்ணீர் ஊதா நிறத்தில் போனது. எட்டாம் நாள் அதிகாரிகள் வந்து நோட்டீஸ் ஒட்டினார்கள். நாற்பத்தைந்து நாள் தவணை. அதற்குள் தண்ணீர் தேறாவிட்டால் பட்டறைக்குச் சீல். வேலை பார்க்கிற நூற்றுப்பத்துப் பேரும் வீட்டுக்கு.

முதலாளி காசைப் பார்க்கவில்லை. பால் பண்ணையின் கழிவுத் தொட்டியிலிருந்து உயிருள்ள வண்டலை இரண்டு லாரியில் வாங்கி வந்து கொட்டினார். நான்கே நாளில் அதுவும் செத்து மேலே மிதந்தது. லாரி வாடகையும் வண்டல் விலையும் சேர்ந்து வந்த தொகைதான் அந்த முப்பத்தேழாயிரத்து அறுநூற்று நாற்பது. இதற்கு யார் பொறுப்பு என்று கேள்வி வந்தபோது, தொட்டிக்கு ஆள் யார், அந்த ஆள் ஏன் லீவில் போனாள் என்று பேச்சு திரும்பியது. மச்சான் மேல் எழுதினால் முதலாளி வீட்டில் அடுப்பு எரியாது. வாரம் எழுநூற்று ஐம்பது அவள் கூலியில் பிடிப்பது என்று முடிவானது. காசு போனதைவிட, "தொட்டிய சாகக் குடுத்தவ" என்று சாயம் கலக்கும் ஆட்கள் அவள் காதுபடப் பேசியதுதான் அவளை அறுத்தது.

அவள் புருஷன் லாரியில் மூட்டை ஏற்றுகிறவன். "வேலைய விட்டுத் தள்ளு" என்றான். "வேற எங்கயும் சாக்கடையே இல்லையா என்ன?"

"விட்டுட்டு வந்தா, நான்தான் கொன்னேன்னு ஆயிடும்ங்க."

அவள் யோசனையெல்லாம் பால் பண்ணை வண்டலிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. உயிரோடுதான் வந்தது. நல்ல மண்வாசம்கூட அடித்தது. பிறகு ஏன் செத்தது? பாலும் மோரும் குடித்து வளர்ந்தது. இங்கே உப்பும் சூடும் சாயமும். வயிறு பழகாத பிள்ளைக்கு எடுத்த எடுப்பில் மிளகாயை ஊட்டினால் தாங்குமா? அப்படியானால் இந்த உப்புக்குப் பழகியது எங்காவது ஒரு கை மிச்சமிருக்க வேண்டும். இரண்டு நாள் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து மோப்பம் பிடித்தாள். மூன்றாம் நாள் மதியம், தொட்டிச் சுவருக்குப் பின்னால், நுரை வழிந்து ஓடுவதற்காகக் கட்டிய குறுகலான ஓடையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். நுரை பொங்கினால்தான் அதில் ஏதாவது வரும். மூட்டை கொட்டிய நாளிலிருந்து நுரையே இல்லை என்பதால் பிளீச்சிங் தண்ணீர் அந்தப் பக்கம் எட்டவில்லை. மேலே காய்ந்து அப்பளமாக வெடித்திருந்த படலத்தை விரலால் பெயர்த்தாள். அடியில் கறுத்த பழுப்பில், ஈரமாக, வழவழவென்று ஏதோ இருந்தது. முகர்ந்து பார்த்தாள்.

மழை வாசம்.

வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். சுரண்டி எடுத்ததில் முக்கால் வாளி தேறியது.

நேரே முதலாளியிடம் போனாள். "சார், இத வளத்துத் தொட்டிய உயிரோட குடுத்துட்டா, என் பேர்ல இருக்கிற கடன அடிச்சிடணும்."

முதலாளி வாளியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "முக்கா வாளிய வச்சுக்கிட்டு அந்தக் கடல நிரப்பப் போறியா?"

"நான் எங்க சார் நிரப்பப் போறேன்? அதுவா நிரம்பிக்கும். நீங்க பதில் சொல்லுங்க."

"மொதல்ல உயிர் வரட்டும்மா" என்றார். அவள் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டாள்.

ஒரு பழைய டிரம்மைக் கழுவி, காற்றுப் பம்பிலிருந்து ஒரு குழாயை இழுத்து அடியில் விட்டாள். நல்ல தண்ணீர், முக்கால் வாளி வண்டல், ஒரு கை கறுத்த பாகு. முதல் நாள் சாயத் தண்ணீர் அரைக் குவளை. மறுநாளும் அரைக் குவளை. மூன்றாம் நாள் ஒரு குவளை. சாயமாஸ்டர் வேலை இடைவேளையில் வந்து எட்டிப் பார்ப்பார். "என்னக்கா, குழந்தை இன்னிக்குப் பால் குடிச்சுதா?" என்பார். புருஷன் வீட்டில், "பதினெட்டு வருஷத்துல ஒரு ரோஜாச் செடி வச்சுத் தண்ணி ஊத்தல, இப்ப சாக்கடைக்குச் சோறூட்டுறா" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தான். சிரித்தவன்தான் மறுநாள் தன் லாரியில் இன்னும் மூன்று டிரம் ஏற்றிக்கொண்டு வந்தான்.

டிரம் வைத்த ஒன்பதாம் நாள் நுரை மஞ்சள் தட்டி, வாசம் கும்மென்று ஏறியிருந்தது. அவளுக்கு ஆசை பற்றிக்கொண்டது. நாள் ஓடுகிறதே என்ற பயமும்தான். ஒரு குவளை ஊற்ற வேண்டிய இடத்தில் நான்கு குவளை ஊற்றினாள். சாயங்காலத்துக்குள் நுரை வெளுத்து, டிரம்முக்குள்ளிருந்து முட்டை நாற்றம் கிளம்பியது. அன்றைக்கு அவள் யாரையும் திட்டவில்லை. யாரைத் திட்டுவது? மச்சான் சார் பன்னிரண்டு மூட்டை என்றால் இவள் நாலு குவளை. மேல் தண்ணீரை இறைத்துக் கொட்டி, புதுத் தண்ணீர் விட்டு, காற்றைக் கூட்டி, இரண்டு நாள் பட்டினி போட்டாள். மூன்றாம் நாள் ஜாடியில் மொண்டு வைத்தபோது அடியில் ஒரு விரல் கனத்துக்கு வண்டல் இறங்கியது. பாதிக்குமேல் போய்விட்டது. தாங்கியது மட்டும் மிச்சம். ஆனால் அந்த மிச்சம் முன்னைப்போல் இல்லை. ஒரு குவளைக்கு முகம் சுளித்தது இப்போது இரண்டு குவளையைச் சத்தமில்லாமல் தின்றது. அதன்பிறகு அவள் அவசரப்படவில்லை. அது கேட்கிற அளவுக்குக் கொடுத்தாள், அது காட்டுகிற வேகத்தில் நடந்தாள்.

ஒரு டிரம் நாலானது. நாலு டிரம், செங்கல் வைத்துத் தடுத்த ஒரு மூலைத் தொட்டியானது. தவணையின் இருபத்தாறாம் நாள் பெரிய தொட்டியைக் காலி செய்து, கழுவி, அதில் கால்பங்கு தண்ணீர் விட்டு மூலைத் தொட்டியைத் திறந்துவிட்டாள். அத்தனை பெரிய தண்ணீரில் அந்தப் பழுப்பு எங்கே போனதென்றே தெரியவில்லை. மச்சான் சார் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி நின்றார். "கரைஞ்சே போச்சேம்மா."

"குடியேறியிருக்கு சார். புது எடம். ரெண்டு நாள் ஆகும்."

நான்கு நாள் ஆனது. ஐந்தாம் நாள் காலையில் பம்புக்கு மேலே, ஒரு பாயை விரித்த அகலத்தில் தேநீர் நிற நுரை கட்டியிருந்தது. அடுத்த வாரம் அது தொட்டியின் மறுகோடிச் சுவரைத் தொட்டது. நாற்பத்தோராம் நாள், பட்டறையின் மொத்தச் சாயத் தண்ணீருக்கும் மதகைத் திறந்தாள். கருநீலம் மடமடவென்று உள்ளே இறங்கியது. நுரை பிளந்தது, புரண்டது, மூடிக்கொண்டது. சாயம் கலக்கும் ஆட்கள் கைவேலையைப் போட்டுவிட்டு வரிசையாக வந்து நின்றார்கள். கடைசிக் குழாயில் வந்த தண்ணீரைச் சாயமாஸ்டர் உள்ளங்கையில் பிடித்துப் பார்த்தார். கைரேகை தெரிந்தது. "யக்கா!" என்று அவர் போட்ட சத்தத்தில் ஒருத்தன் விசிலடித்தான். "தொட்டிய சாகக் குடுத்தவ" என்று சொன்ன அதே வாய். அவள் கவனித்தாள். கவனித்ததைக் காட்டிக்கொள்ளவில்லை.

நாற்பத்தைந்தாம் நாள் சோதனைக்கூடத்துப் பெண் பெட்டியும் கையுமாக வந்தாள். தண்ணீரை நாலைந்து குப்பிகளில் பிடித்து, சொட்டு மருந்து விட்டு, கருவியில் பார்த்து எழுதிக்கொண்டாள். முதலாளி நகத்தைக் கடித்தபடி நின்றார். பிறகு அந்தப் பெண் பெட்டியிலிருந்து ஒரு மைக்ராஸ்கோப்பை எடுத்து ஆபீஸ் மேஜையில் வைத்து, தொட்டி வண்டலில் ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் தடவி வைத்துக் குனிந்தாள். குனிந்தவள் நிமிரவில்லை.

"இதப் பாத்துக்கிறது யாரு?"

"இவங்கதான்" என்று சாயமாஸ்டர் நுரையக்காவை முன்னே தள்ளினார்.

"தண்ணி தேறிடுச்சு சார், பட்டறைய நடத்துங்க" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு அந்தப் பெண் எழுந்து நாற்காலியைத் தள்ளினாள். "அக்கா, நீங்க இங்க வந்து பாருங்க."

எட்டு வருஷம் சோறு போட்டவள் முதல்முறையாக அவர்கள் முகத்தைப் பார்த்தாள். வெளிச்ச வட்டத்துக்குள், பழுப்புத் திட்டுகளில் வேர் பிடித்து, கண்ணாடி இழை போன்ற காம்புகளின் நுனியில் சின்னச் சின்ன மணிகள். ஒவ்வொரு மணியின் வாயோரமும் மயிரிழைகள் சுழன்று தண்ணீரை உள்ளே இழுத்தன. ஏதோ ஒன்று மோதியதும் காம்பு சட்டென்று சுருண்டு மணி அடியில் பதுங்கியது. ஆபத்தில்லை என்று தெரிந்ததும் மெல்ல நீண்டு, மறுபடி வாயைத் திறந்தது. "நல்லா இருக்கீங்களா" என்று கேட்டேவிட்டாள். யாரும் சிரிக்கவில்லை.

"மாப்ளே, இங்க வா" என்றார் முதலாளி. "பன்னெண்டு மூட்டை கொட்டினியே, யார் தலையில கொட்டினேன்னு வந்து பாரு."

மச்சான் சார் ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தார். பிறகு அடிக்குரலில், "இது நம்மளப் பாக்குதா?" என்றார்.

"அதுக்கேது சார் நேரம். சாப்பிட்டுக்கிட்டு இருக்கு."

முதலாளி கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டார். "இந்தம்மா பேர்ல இருக்கிறத அடிச்சிடுங்க. அதை எடுத்து நம்ம மச்சான் கணக்குல எழுதுங்க. வீட்டுல நான் பேசிக்கிறேன்." கடைசி வார்த்தையைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கியது. மச்சான் சார் தலையைத் தூக்காமலே, "எழுதிக்கோங்க மாமா" என்றார்.

"ஆறு வாரமாப் பிடிச்ச நாலாயிரத்து ஐநூறு?" என்று நுரையக்கா கேட்டாள்.

"அதுவும்தாம்மா."

கணக்குப்பிள்ளை ஸ்கேல் வைத்து அவள் பக்கத்தின் குறுக்கே கோடு கிழித்தார். பெட்டியைத் திறந்து நோட்டுகளை எச்சில் தொட்டு எண்ணித் தந்தார். அவளும் ஒருமுறை எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டிருந்தாள்.

"ஏய்! பிரியுது!" என்று மச்சான் சார் அலறினார். "எல்லாரும் வாங்க, ஒண்ணு ரெண்டாகுது!"

கணக்குப்பிள்ளை பேனாவைப் போட்டுவிட்டு ஓடினார். முதலாளி முண்டியடித்தார். மச்சான் சார் யாருக்கும் இடம் விடாமல், "அக்கா, மொதல்ல நீங்க" என்று நாற்காலியை அவளிடம் நகர்த்தினார். அவள் குனிந்தாள். ஒரே காம்பின் நுனியில் இரண்டு மணிகள் ஒட்டிக்கொண்டு துடித்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று கழன்றது. மற்றது காம்போடு நின்று வாயைத் திறந்து தண்ணீரைச் சுழற்றத் தொடங்கியது. கழன்றது ஒரு கணம் தடுமாறி, தன்னைத் தானே ஒருமுறை சுற்றி, பிறகு திசை கிடைத்தாற்போல் விறுவிறுவென்று நீந்தி, வெளிச்ச வட்டத்தின் விளிம்பைத் தாண்டிப் போனது.