சின் நாட்டு வெண்கலப் படி

சான்ட்ரிங்ஹாம் புறநகரில் கௌரியின் பின்வளவில், சென்ற ஆண்டு மார்ச் மாதத்து முதல் செவ்வாய்க்கிழமை, சின் நாடு மறுபடியும் தோன்றியது. முதலில் வந்தவர் குத்துவிளக்கு உயரமே இருந்த, சுட்ட மண்ணாலான ஒரு குதிரைக்காரர். எலுமிச்சை மரத்தடியில் ஏழு மண் குதிரைகளை மேயவிட்டார். சீனாவின் மேற்கு ஓரத்தில் குதிரை வளர்த்துத் தொடங்கி, பேரரசாகிப் பதினைந்து ஆண்டுகளில் சரிந்த அதே பழைய நாடுதான் என்று எதிர்வீட்டுப் பிருந்தன் உறுதி சொன்னான். வேலை ஒப்பந்தம் முடிந்து வீட்டிலிருந்ததால் அவனுக்கு வாசிக்க நேரமிருந்தது. "ஆறு நாட்டை விழுங்கின ஆள், அன்ரி. உங்கட எலுமிச்சை மரம் எம்மாத்திரம்?" கௌரி குதிரைகளுக்குத் தண்ணீர் வைத்தாள். வந்த உயிரைத் தாகத்தோடு விடக்கூடாது என்பதே அவள் அறிந்த சமயம்.

ஏப்ரலில் குதிரைக்காரர் கூரையளவு வளர்ந்து பேரரசரானார். தெரு முழுவதும் அவருடைய மண் அதிகாரிகள் நின்றார்கள். நல்லதையும் சொல்ல வேண்டும்: குப்பைத் தொட்டிகளின் சக்கரங்கள் ஒரே அகலமாயின, பள்ளங்கள் மூடப்பட்டன. மே மாதத்தில் மூங்கில் பட்டைகளில் எழுதிய சட்டம் தபால்பெட்டிகளுக்கு வந்தது. ஐந்து வீடுகள் ஒரு கட்டு. ஒரு வீட்டின் குற்றத்தை மற்றவர்கள் காட்டிக்கொடுக்க வேண்டும். தவறினால் ஐந்து வீட்டாரும் மண்ணாவார்கள். வீட்டுக்கொரு வெண்கலப் படியும், அரிசியைத் தலைதட்டி அளக்க ஒரு கோலும் தந்தார்கள். கூம்பாகக் குவித்து அளப்பது குற்றம்.

பக்கத்து வீட்டுக் கிளாரா ஈப்போவில் பிறந்தவள். தன் உலைக்குத் தட்டி அளப்பாள். பிறர் பைக்குக் குவித்துத்தான் அளப்பாள். சனிக்கிழமைதோறும் பிருந்தன் வீட்டுக்கு அப்படி அளந்ததைக் கௌரி வேலிக்கு மேலால் கண்டாள்.

"தட்டி அளவுங்கோ கிளாரா. மண்ணாகப் போறியள்."

"தட்டிக் குடுத்தா அது கடை லா அக்கா, வீடில்லை."

பதினைந்தாம் வாரத்துச் சனிக்கிழமை காலை, கட்டின் ஐந்து வீட்டாரையும் அவரவர் படியோடு நடைபாதையில் நிறுத்தினார்கள். அதிகாரி மரியாதையானவர். கண்ணுக்கு இரண்டு துளையிட்ட சாக்கொன்றைக் கௌரியிடம் நீட்டி, முகம் தெரியாது, குற்றவாளியைக் கண்டதும் தலையை ஆட்டினால் போதும் என்றார். கௌரிக்கு அந்தச் சாக்கைத் தெரியும். யாழ்ப்பாணத்தில் இராணுவச் சுற்றிவளைப்பொன்றில் அவளுடைய அண்ணன் கேதீஸ்வரனை அப்படியொரு சாக்குத்தலைதான் ஒருதரம் ஆடிக் கொண்டுபோயிற்று.

அவள் சாக்கை வாங்கினாள். இரண்டு கண் துளைகளையும் முடிச்சுப் போட்டாள். கிளாராவின் முன் சாக்கின் வாயை விரித்துப் பிடித்தாள்.

"இதுக்குள்ள அளவுங்கோ. குவிச்சு."

"ஐந்து வீட்டாரும் மண்ணாவீர்கள்" என்றார் அதிகாரி.

"ஓம், ஆக்குங்கோ. மண்ணானாலும் இந்தத் தலை ஆடாது."

கிளாரா வீட்டிலிருந்து அரிசி கொண்டுவந்து குவித்து அளந்தாள். பிருந்தன் தன் வீட்டில் மிஞ்சியிருந்த அரிசியைக் கொண்டுவந்து குவித்தான். பிறகு கட்டின் மற்ற இரண்டு வீட்டார்: டோங்காத் தீவுக் குடும்பம், ஓய்வுபெற்ற தபால்காரர். கால்கள் முழங்கால்வரை மண்ணாகியும் கைகள் நிற்கவில்லை. அதைக் கண்டு அடுத்த கட்டு வீட்டார் படியோடு இறங்கினார்கள், அதற்கடுத்தவர்களும். மத்தியானத்துக்குள் தெருவே இடுப்புவரை மண். காட்டிக்கொடுக்க ஒரு தலைகூட மீதியில்லை. சிந்திய அரிசியைத் தின்ன ஏழு குதிரைகளும் வந்து, தண்ணீர் வைத்தவளின் பக்கத்தில் நின்றுகொண்டன. அவற்றைப் பிடிக்க வந்த பேரரசர் அடிக்கு அடி சிறுத்து, கௌரியை அடைந்தபோது குத்துவிளக்கு உயரமாகியிருந்தார். களைத்திருந்தார். அவருக்கும் தண்ணீர் கொடுத்தார்கள். அவர் குடித்து முடித்தபோது அதிகாரிகளைக் காணவில்லை, மண்ணான கால்களும் மீண்டிருந்தன.

கௌரியின் இடது பாதம் மட்டும் இன்னும் மண்தான். முதியோர் இல்லத்து வேலைக்கு ஓர் அளவு கூடிய சப்பாத்துப் போட்டுப் போகிறாள். குப்பைத் தொட்டிகள் இன்றும் ஒரே அகலத்தில் உருளுகின்றன. வெண்கலப் படிகளில்தான் ஒரு குறை: எத்தனை தரம் தட்டினாலும் அரிசி கூம்பாக மறுபடி எழுந்துவிடுகிறது. கடைக்காரர்கள் அவற்றை வாங்குவதில்லை. கோயில் மடைப்பள்ளியில் இரண்டும், கிளாராவின் தேவாலயத்தில் ஒன்றும் புழக்கத்தில் இருக்கின்றன.