ஒரு டிகிரியும் ஒரிகாசாவின் கண்ணாடியும்

"செத்துப்போனவர் மேல பழியைப் போட்டுட்டு, ஞாயித்துக்கிழமை வந்து ஊதுவத்தியும் ஏத்துவீங்களா ஹிரோசெ-சான்?"

"கத்தாதீங்க தோகோ-சான். உங்க வீட்டுக்காரர் செஞ்ச ஃபில்டர் கெட்டுப்போச்சு. செயற்கைக்கோள் வானத்தோட வெப்பத்தை அரை டிகிரி கூடுதலா காட்டுது. தலைவர்னு நான் அறிக்கை எழுத வேணாமா?"

நான் அடுத்த அறையில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். கோப்பை நிரம்பி வழிந்ததை யாரும் கவனிக்கவில்லை, நான் உட்பட. ஜப்பானின் சுகுபாவில் எங்கள் விண்வெளி அலுவலகச் சுவர்களை என்னை மனதில் வைத்துத்தான் மெல்லியதாகக் கட்டியிருக்கிறார்கள்.

செயற்கைக்கோளின் அகச்சிவப்புக் கருவி வாயிலில் இருக்கும் அந்த ஃபில்டரை, ஒரு மெல்லிய கண்ணாடியை, செய்தவர் தோகோவின் கணவர் ஒரிகாசா. ஞாயிற்றுக்கிழமை அவருக்கு முதலாண்டு நினைவுநாள். கண்ணாடியின் இரு முகங்களுக்கும் நடுவே ஒளி முன்னும் பின்னும் துள்ளித் தன்னோடு தானே கலக்கும். அதனால் சில அலைநீளங்கள் கூடுதலாகவும் சில குறைவாகவும் உள்ளே போகும். வரைந்தால் சிற்றலை மாதிரி இருக்கும். ஏவும் முன்பே அந்த அலையை அளந்து வைத்து, அதைக் கொண்டுதான் தோகோ கணக்கைச் சரிசெய்வார்.

"கெட்டுப்போயிருந்தா அலை குலைஞ்சிருக்கும். இது குலையல, அப்படியே நகர்ந்திருக்கு. ஐஸ் படிஞ்சுதுன்னு கருவியைச் சூடாக்கினோமே, திரும்பக் குளிர வைக்கும்போது ஒரு டிகிரி மேலயே நிறுத்தச் சொன்னது யாரு?"

குளிரூட்டி தேயாமல் இருக்கட்டும் என்று அப்படி நிறுத்தச் சொன்னவர் ஹிரோசெதான். கண்ணாடியின் குளிர் மாறினால் அலையும் இடம் மாறும். கணக்கை மட்டும் பழையபடியே விட்டுவிட்டார்கள்.

"ஒரு நாள் பழைய குளிருக்கே இறக்கிப் பாருங்க. அப்பவும் தப்பா வந்தா அறிக்கையில அவர் பேரை எழுதுங்க. நானே கையெழுத்துப் போடறேன்."

இறக்கினார்கள். அலை பழைய இடத்துக்கு வந்து நின்றது. அந்த அரை டிகிரியும் காணாமல் போனது.

ஞாயிற்றுக்கிழமை நானும் கறுப்பு உடுத்திக் கோயிலுக்குப் போனேன். துக்கத்துக்கு என்று சொன்னால் நீங்கள் நம்பப் போவதில்லை. ஹிரோசெயின் முகத்தைப் பார்க்கத்தான். அவர் ஒரிகாசாவின் படத்தின் முன் மண்டியிட்டார். நெடுநேரம் தலை நிமிரவில்லை.

"கண்ணாடி நல்லாத்தான் இருக்குப்பா. தப்பு என்னோடது" என்றார், எல்லோர் காதிலும் விழும்படி. தோகோ பதிலுக்குத் தரையில் நெற்றி படக் குனிந்தார். எனக்கே பார்க்கக் கூச்சமாகிவிட்டது.

மறு ஏப்ரலில் ஹிரோசெ தானே மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு, தெற்குத் தீவிலுள்ள ஆன்டெனா நிலையத்துக்கு மாறிப் போனார். அவரைத்தான் தோகோ கட்டிக்கொள்வார் என்று நான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். கடைசியில் தோகோ மணந்தது குளிரூட்டிப் பிரிவின் சோமியாவை.