அரை கஜம்

டம்… டம்… டம்.

சனிக்கிழமை காலை மரச் சுத்தியல் சத்தம் தெருவையே உலுக்கியது. ஸ்டீவ் ஹூடாக் கையிலிருந்த காபியைச் சட்டையில் கொட்டிக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினான். எதிர்வீட்டுப் புல்வெளியில் ஊர்க்காரன் லெஸ் ரோம்பஸ்கி ‘வீடு விற்பனைக்கு’ என்ற பலகையை மண்ணில் அடித்து இறக்கிக்கொண்டிருந்தான். ஏற்கெனவே ஏழெட்டுப் பலகைகள் அங்கே நின்றன.

எதிர்வீட்டுக்காரன் கிளென் மார்பர்கர், டன்லி பள்ளியின் ஃபுட்பால் அணிக்குத் தலைமைக் கோச்; பந்தைக் கையில் ஏந்தி முட்டி மோதும் அமெரிக்க ஃபுட்பால். வீட்டை விற்கும் எண்ணமெல்லாம் அவனுக்கு இல்லை. தோற்ற கோச்சின் வாசலில் இப்படிப் பலகை நட்டு, ‘மூட்டையைக் கட்டு’ என்று சொல்வது இந்த ஊர் வழக்கம்.

எதிரணியை முட்டித் தள்ளி வழிவிடும் ஐந்து பேர் முன்வரிசைக்குக் கோச் ஸ்டீவ். பதினோரு வருடமாகக் கிளெனுக்கு வலது கை. ஓடிப்போய்ப் பலகையைப் பிடுங்கியிருக்க வேண்டியவன் அவன்தான். ஆனால் நேற்று ராத்திரியிலிருந்து அவனுக்கே கிளென் மேல் ஆத்திரம்.

அரையிறுதி ஆட்டம். மழை. டன்லி நான்கு புள்ளி பின்தங்கியிருந்தது. கடைசி முயற்சி. எல்லைக்கோட்டுக்கு அரை கஜம், அவ்வளவுதான்; பந்தோடு தாண்டினால் ஆறு புள்ளி, வெற்றி. டக் பெனஸ் என்று ஒரு பையன் இருக்கிறான். ஃப்ரிட்ஜுக்குக் கால் முளைத்தது மாதிரி இருப்பான். அவன் கையில் பந்தைக் கொடுத்து நடுவில் முட்டச் சொன்னால் போதும். கோடை முழுக்க இந்த அரை கஜத்துக்காகத்தான் ஸ்டீவ் தன் ஐந்து பையன்களையும் இரும்புச் சட்டத்தைத் தள்ள வைத்தான். வாந்தி எடுத்துவிட்டு வந்து மறுபடி தள்ளினார்கள், பாவிப் பயல்கள்.

கிளென் என்ன செய்தான்? பந்து வீசும் பையனை, டக்கிடம் கொடுப்பதுபோல் பாவனை காட்டிவிட்டு ஓரத்தில் வீசச் சொன்னான். ஸ்டீவ் தொண்டை கிழியக் கத்திப் பார்த்தான். கிளென் கோச்சுகள் பேசிக்கொள்ளும் ஹெட்செட்டைக் காதிலிருந்து கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டான். ஈரப்பந்து ஓரத்தில் நின்ற பையன் கையில் விழுந்து, வழுக்கி, மண்ணில் உருண்டது. ஆட்டம் முடிந்தது.

ஸ்டீவ் தெருவைக் கடந்தான். லெஸ் சிரித்தான்.

“வாங்க புதுக் கோச். திங்கக்கிழமை பள்ளிக் குழு கூடுதாம்ல? நீ ஒரு வார்த்தை சொன்னாப் போதும், இவன் கதை முடிஞ்சுதுன்னு பேசிக்கிறாங்க.”

உண்மைதான். குழுத் தலைவரே காலையில் போன் செய்து, கிளெனுக்கு எதிராக வாய் திறந்தால் நாற்காலி உனக்கு என்று சொல்லியிருந்தார். திறப்பதாகத்தான் ஸ்டீவும் முடிவு செய்திருந்தான்.

“கோணலா நிக்குது. குடு இப்படி” என்று சுத்தியலை வாங்கினான். தானும் ஓங்கி ஒரு அடி போட்டான். அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது.

கிளென் செருப்போடு நின்றான். ராத்திரி முழுக்கத் தூங்காத முகம். சுத்தியலைப் பார்த்தான், ஸ்டீவைப் பார்த்தான்.

“அடிச்சு முடிச்சாச்சுன்னா உள்ள வா.”

கூடத்தில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. நேற்றைய ஆட்டத்தின் வீடியோ. ஸ்டீவ் உட்காரவில்லை. நின்றபடியே பொரிந்து தள்ளினான். அந்த ஐந்து பையன்கள் முகத்தில் எப்படி முழிப்பாய் என்று கேட்டான். ஆட்டம் முடிந்ததும் பத்திரிகைக்காரனிடம், ‘என் முடிவு, வேறு யாரையும் கேட்காதே’ என்று வீரவசனம் பேசினால் பாவம் கழுவிப் போய்விடுமா என்று கேட்டான்.

“அரை கஜம்டா. என் பசங்க மேல அரை கஜம் நம்பிக்கை இல்லையா உனக்கு?”

“நம்பித்தானே அதுக்கு முன்னால ரெண்டு தடவை டக்கை அனுப்பினேன். என்னாச்சு?”

“மூணாவது தடவை போயிருப்பான்.”

கிளெனின் கையிலிருந்த ரிமோட் சுவரில் போய் விழுந்து இரண்டாக உடைந்தது. இத்தனை வருடத்தில் அவன் ஒரு சாமானை எறிந்து ஸ்டீவ் பார்த்ததில்லை.

“கண்ணைத் திறந்து பாரு. எதிரணியில நடுவுல நிக்கிறானே நெட்டையன், அவன் எங்க பாக்கறான்?”

ஸ்டீவ் பார்த்தான். டக்கின் முதல் மோதல். பந்து நகர்வதற்கு ஒரு நொடி முன்னால் நெட்டையன் குனிந்தான். பந்தைப் பார்க்கவில்லை, டக்கையும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தான். உடனே முஷ்டியை உயர்த்தினான். அவன் கூட்டம் மொத்தமும் நடுவில் வந்து அடைத்துக்கொண்டது. இரண்டாவது மோதலிலும் அதேதான். தரை, முஷ்டி, சுவர்.

தரையில் ஸ்டீவின் ஐந்து பையன்களும் ஒரு கையை ஊன்றியிருந்தார்கள். பந்து வீசும் முயற்சிகளில் அந்த விரல்கள் புல்லைச் சும்மா தொட்டுக்கொண்டிருந்தன. முட்டும் முயற்சியில் மட்டும் முழு எடையும் விரலில். மழையிலும் விளக்கு வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிந்தது: ஐந்து கைகளிலும் முட்டிகள் சுண்ணாம்பாக வெளுத்திருந்தன.

‘நகம் வெளுக்கிற வரைக்கும் அழுத்து!’ கோடை முழுக்க மைதானத்தில் கேட்ட குரல் ஸ்டீவின் காதில் மறுபடி கேட்டது. அவன் குரல்தான்.

கடைசி முயற்சி வந்தது. பாவனையானாலும் முன்வரிசை முட்டத்தான் வேண்டும். விரல்கள் வெளுத்தன. நெட்டையன் முஷ்டியை உயர்த்தினான். எதிரணி மொத்தமும் நடுவில் பாய்ந்தது. ஓரத்தில், பத்து கஜச் சுற்றளவில் ஒரு ஈ காக்கை இல்லாமல், டன்லி பையன் தனியாக நின்றான். பந்து நேராக அவன் கைக்குத்தான் போனது.

“நேத்தே சொல்றதுக்கென்ன?” என்று கேட்டான் ஸ்டீவ். கோபம் போகவில்லை, போக இடம் தெரியாமல் நெஞ்சுக்குள்ளேயே சுற்றியது.

“ரெண்டாவது தடவைதான் எனக்கே புரிஞ்சுது. வெளிய சொன்னா, பசங்களுக்கு இதை யாரு கத்துக்குடுத்ததுன்னு கேப்பாங்க. உனக்கும் சேர்த்துப் பலகை அடிப்பாங்க. எனக்கு ஒருத்தனுக்கு அடிச்சது போதும்.”

ஸ்டீவ் வெளியே வந்தான். சுத்தியல் இன்னும் அவன் கையில்தான் இருந்தது. லெஸ் அடுத்த பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு, உள்ளே நல்லா குடுத்தியா என்று கேட்டான். ஸ்டீவ் சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு, தான் அடித்த பலகையை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டி, மண்ணோடு பிடுங்கினான். லெஸ் வாயைப் பிளந்தான்.

“என்னப்பா பண்ற?”

“வீடு மாறி நட்டுட்டோம், லெஸ். எல்லாத்தையும் பிடுங்கி எதிர்ல, என் வாசல்ல கொண்டாந்து அடி.”