போகாத வாசம்

அம்மாவைச் சவப்பெட்டியில் வைத்த மூன்றாம் நாள் மதியம் தேசா வந்தாள். டி.வி. சேனலின் வெள்ளை வண்டி எங்கள் சந்துக்குள் நுழையாது. எங்கள் கடலோர ஊர் நவோதாஸில் அது கடல் ஏறும் நேரம் வேறு, சந்தில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, கறுப்புப் பாவாடையைத் தூக்கிப் பிடித்தபடி வந்தாள். பின்னால் அவளுடைய மேனேஜர் த்ரினா, எங்கே கால் வைப்பது என்று தெரியாமல் கொக்கு மாதிரி நடந்து வந்தாள். துக்க வீட்டுக்குக் காவலாக வாசலில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் சீட்டைக் கவிழ்த்துவிட்டு செல்போனைத் தூக்கினார்கள். என் தங்கச்சி, சீரியலில் வேலைக்காரி லூமெங் வேஷத்தில் தினமும் சாயங்காலம் அழுகிறவள். அவள் அழுது முடித்த பிறகுதான் ஊரில் பாதி வீடுகளில் சோறு போடுவார்கள். அப்படிப்பட்டவள் சொந்த அம்மாவுக்கு எப்படி அழப்போகிறாள் என்று பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது?

லூமெங் ஆவதற்கு முன்னால் அவள் ராப் பாடினாள். கூடைப்பந்துத் திடலில், ஆம்பிளைப் பசங்களுக்கு நடுவில், மைக்கைப் பிடித்து எதிராளியை நாறடிக்கிற சண்டை. அதில் ஒரு தந்திரம் உண்டு. எதிராளி உன்னைப் பற்றி என்ன சொல்வான் என்று தெரிந்தால், அவன் வாயைத் திறப்பதற்குள் நீயே சொல்லிவிட வேண்டும். அதற்கப்புறம் அவன் கையில் எறியக் கல் இருக்காது. தேசாவின் மேல் எறிய இருந்த ஒரே கல் எங்கள் அம்மா. அம்மாவும் நானும் மீனை உப்புநீரில் ஊறவைத்து, மரத்தூள் புகையில் காட்டி, மூங்கில் தட்டில் அடுக்கிச் சந்தையில் விற்கிறவர்கள். அந்த வாசம் எங்கள் தலைமுடிக்குள் குடியிருந்தது. ஒரு பெரிய சண்டையில் தேசா அந்தக் கல்லைத் தானே எடுத்தாள்.

எங்கம்மா வருமுன்னே வாசம் வரும்,
எட்டுத் தெருப் பூனைக்கும் பாசம் வரும்.
சோப்புப் போட்டாலும் போகாது, சர்ச்சுக்குப் போனாலும் போகாது,
செத்துப் பெட்டியில படுத்தாலும் போகாது,
பூனை வந்து உக்காரும், எந்திரிக்கவே எந்திரிக்காது!

திடலே எழுந்து குதித்தது. அந்த வீடியோ போகாத போன் இல்லை. அதைப் பார்த்துத்தான் சேனல்காரர்கள் கூப்பிட்டு நடிக்க வைத்தார்கள். ஆனால் அம்மா ஒரு வாரம் சந்தைக்குப் போகவில்லை. முட்டி வலி என்றாள். தேசா நம்பவில்லை. நம்பாவிட்டால் உட்கார்ந்து பேசியிருக்கலாம். திடலில் அத்தனை பேரைப் பேசியே சாய்த்தவளுக்கு வீட்டில் வாய் வரவில்லை. புது வேலையைச் சாக்காக வைத்து சேனல் இருக்கிற கேஸோன் சிட்டிக்குக் குடிபோனாள். அழுகிற பெண்ணுக்குத் திட்டுகிற வீடியோ பொருந்தாது என்று சேனல் சொன்னதும், பழையதையெல்லாம் நெட்டிலிருந்து எடுத்துவிடச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டாள். அம்மாவுக்காகத்தான் போட்டேன் என்று என்னிடம் சொன்னாள். அதற்கப்புறம் அவள் வாயிலிருந்து ஒரு வரி ராப் வரவில்லை.

அவளுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. அந்த ஒரு வாரம் கழித்து அம்மா சந்தைக்கு வந்த அன்று, ஐஸ் வண்டிக்காரன் ஒருவன் அந்த வரிகளை ராகத்தோடு கத்தினான். நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். அம்மா என் கையைப் பிடித்து உட்கார வைத்து, அவனிடம் இன்னொரு தரம் சொல்லு, சத்தமாகச் சொல்லு என்றாள். கொஞ்ச நாளில் அவளே சொல்ல ஆரம்பித்தாள். அவளுடைய கூவலே அதுவாகிப் போனது. கடைசி வரிகளை மட்டும் தனக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டாள். தேசாவிடம் சொல்கிறேன் என்று போனை எடுத்தால், பிள்ளை பெரிய இடத்தில் இருக்கிறது, மீன் வாசத்தை அங்கே அனுப்பாதே என்று தடுத்துவிடுவாள். வீடியோவை அழித்துவிட்டார்கள் என்று தெரிந்தபோது மட்டும் முகம் விழுந்துவிட்டது. நம்ம வாசம் அவளுக்கு ஆகாமல் போய்விட்டது போல என்றாள்.

அதிலிருந்து ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும், தேசா வருவதற்கு முந்தின நாள், அம்மா எலுமிச்சைச் சாறு பிழிந்து கையையும் கழுத்தையும் தேய்ப்பாள். உப்பில் வெடித்த கை எரியும். எரிந்தாலும் விடமாட்டாள். தேசா வந்து கட்டிப்பிடித்து, எலுமிச்சை வாசத்தை முகர்ந்து, தான் சொன்ன சொல் அம்மாவை இப்படி ஆக்கிவிட்டதே என்று சாப்பிடாமல் திரும்பிப் போவாள். இரண்டு பேரும் ஒருத்திக்காக ஒருத்தி வெட்கப்பட்டே ஆறு கிறிஸ்துமஸைப் பாழாக்கினார்கள். நினைத்தால் எனக்கு இப்போதும் ஆத்திரம் வருகிறது. செத்தவளைத் திட்ட முடியுமா?

தேசா பெட்டியின் அருகில் போய் நின்றாள். பெட்டியின் கண்ணாடி மேல் கண்ணீர் விழக் கூடாது. விழுந்தால் போகிறவள் போக முடியாமல் தவிப்பாள் என்பது எங்கள் வழக்கம். அதனால் நான் துண்டோடு தயாராக நின்றேன். துண்டுக்கு வேலையே வரவில்லை. லூமெங்குக்கு இயக்குநர் விரல் சொடுக்கினால் வரும் கண்ணீர், இவளுக்கு ஒரு சொட்டு வரவில்லை. போன்கள் காத்திருந்தன. காசு குடுத்தாத்தான் வரும் போல என்று வாசலில் யாரோ சொன்னது உள்ளே வரை கேட்டது. த்ரினா என் காதருகில் வந்து, நாலு மணிக்கு ஷூட்டிங் என்றாள்.

அப்போதுதான் இசிங் எழுந்து வந்தாள். சந்தையில் அம்மாவுக்குப் பக்கத்துக் கடை, மட்டிச் சிப்பி விற்கிறவள். துக்க வீட்டிலும் குரலைத் தணிக்கத் தெரியாதவள்.

"ஏண்டி தேசா, உங்கம்மாவுக்கு அந்தப் பாட்டைச் சொல்லேன். கூவாம கடை தொறக்கமாட்டா அவ. மூணு நாளா சும்மா படுத்திருக்கா பாரு."

"எந்தப் பாட்டு?"

"தெரியாத மாதிரி கேக்குற. வாசம் வரும், பாசம் வரும். தெனம் அதைச் சொல்லித்தான மீன் வித்தா."

தேசா என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். "முடிவை மட்டும் மாத்திக்கிட்டா" என்றேன். இசிங்கே அம்மாவைப் போல இடுப்பில் கைவைத்து, மூக்கை உறிஞ்சிக்காட்டிச் சொன்னாள்: "பூனைக்கே தெரியுது, உனக்குத் தெரியலையா? வாங்கிட்டுப் போடா!" சீட்டு மேஜையில் சிரித்தார்கள். தேசா சிரிக்கவில்லை. வரிகளை உதட்டுக்குள்ளேயே சொல்லிப் பார்த்தாள். பிறகு, மைக் பிடிப்பது போல வலது கை தானாக மேலே வர, ஆரம்பித்தாள்.

சீரியலில் கேட்கிற மெல்லிய குரல் இல்லை இது. பழைய திடல் குரல், ஆனால் துருப்பிடித்திருந்தது. முதல் இரண்டு வரியும் வந்தன. சோப்பு வந்தது, சர்ச் வந்தது. த்ரினா போன்களை மறைக்கக் குறுக்கே போய் நின்றாள். "செத்துப் பெட்டியில படுத்தாலும்" என்று சொல்லி தேசா நிறுத்தினாள். மெல்லக் குனிந்தாள். பெட்டியின் விளிம்பில், மூடி சேருகிற இடத்தில் மூக்கை வைத்து இழுத்தாள். இன்னொரு தரம் இழுத்தாள்.

"அக்கா, வாசமே இல்ல."

சவக்கூடத்தில் கழுவி, மருந்து ஏற்றி, பவுடரும் சென்ட்டும் போட்டு அனுப்பியிருந்தார்கள். பெட்டியிலிருந்து வார்னிஷும் லில்லிப் பூவும்தான் மணந்தன. அறுபது வருஷத்து வாசத்தை ஒரு ராத்திரியில் எடுத்துவிட்டார்கள். எலுமிச்சையால்கூட முடியாதது அது.

எங்கள் சந்தின் சாம்பல் பூனை, தண்ணீருக்குப் பயந்து வாசல் பலகை வழியாக உள்ளே வந்தது. அம்மா எறியும் மீன் தலையில் வளர்ந்தது. யாரும் விரட்டவில்லை. பெட்டியின் காலை முகர்ந்தது. மறுபக்கம் போய் முகர்ந்தது. பிறகு அதை விட்டுவிட்டு நேராக என்னிடம் வந்து, என் பாவாடையில் உடம்பைத் தேய்த்து, காலடியில் உட்கார்ந்தது. துக்கத்துக்கு வந்தவர்களுக்குச் சோறு போட வேண்டுமே, நான் விடியற்காலை வரை மீன் புகையில்தான் நின்றிருந்தேன்.

தேசா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு பெட்டியை விட்டு விலகி வந்து, பூனைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, என் பாவாடையை இரண்டு கையாலும் வாரி எடுத்து முகத்தை அதில் புதைத்துக்கொண்டாள். சந்து முனையில் வண்டி ஹாரன் அடித்தது. த்ரினா அவள் தோளைத் தொட்டாள். என் முட்டி நனைந்துகொண்டிருந்தது. பூனையும் எழுந்திருக்கவில்லை.