இடது பெடல்

டக் டக்கென்று சைக்கிள் கடையின் டைல்ஸ் தரையில் எழுந்த சத்தம் வசந்தாமணிக்குப் புதிதாக இல்லை, ஐந்தாம் வகுப்பு வரைக்கும் அவளுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்த சத்தம் அது, இளம்பிள்ளை வாதத்தில் சூம்பிப்போன இடது காலுக்கு ஆஸ்பத்திரியில் அளவெடுத்துச் செய்து கொடுத்த பூட்ஸ், இரண்டு பக்கமும் முழங்கால்வரை இரும்புப் பட்டை, அடியில் லாடம் மாதிரி ஒரு தகடு, சிங்காநல்லூர்ப் பள்ளிக்கூடத்து வராந்தாவில் அவள் திரும்புவதற்குள் வகுப்பில் எல்லோருக்கும் தெரிந்துவிடும், ஆபரேஷனுக்குப் பிறகு அந்தப் பூட்ஸைக் கழற்றிப் பரண்மேல் போட்ட அன்று இனிமேல் சத்தமில்லாமல் நடப்பேன் என்று நினைத்துக்கொண்டாள், நடக்கவும் செய்தாள், தாலுகா ஆபீஸில் முப்பது வருடம் யார் காதிலும் விழாமல் நடந்து விருப்ப ஓய்வும் வாங்கியாயிற்று, இப்போது ஐம்பத்து மூன்று வயதில் அடியில் கட்டை வைத்த ஷூவைத் தானே கேட்டுப் போட்டுக்கொண்டு நிற்கிறாள், எதிரே ஸ்டாண்டில் அவளுடைய புது ரோடு பைக் பெடல் இல்லாமல் நிற்கிறது, ஃபிரேமில் சக்கரத்தில் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை, உயரத்துக்குத் தகுந்ததை எடுத்தாயிற்று, பெடலில் வந்து எல்லாம் நின்றுவிட்டது.

கடைக்காரன் பிரிட்டோவுக்கு முப்பது வயதிருக்கும், பந்தயங்களில் ஓட்டியவன், முதலிலேயே சொல்லிப் பார்த்தான், அக்கா, உங்களுக்கு சாதா பெடலே போதுங்க, எப்ப வேணாலும் காலைக் கீழ வெச்சுக்கலாம், அவன் சொன்னதில் தவறில்லை, மற்றவர்களுடைய கால்களுக்கு அது சரி, அவளுடைய அதிகாரம் இடது கணுக்காலோடு முடிந்துவிடுகிறது, அதற்குக் கீழே இருப்பது தூங்குகிற குழந்தையின் கை மாதிரி தொங்கும், சாதா பெடலில் இரண்டு சுற்றுக்குள் வழுக்கி விழும், வீட்டில் உடற்பயிற்சி சைக்கிளில் ஐந்து வருடமாக வார்போட்டுக் கட்டித்தான் மிதிக்கிறாள், ஆனால் அது எங்கும் போகாத சைக்கிள், அதனால் விழாத சைக்கிள். பிடித்துக்கொள்கிற பெடல்தான் வேண்டுமென்றாள். பிடிச்சா விடோணுமேங்க்கா, என்றான் பிரிட்டோ. அதற்குக் கிளிப்லெஸ் என்று பெயர், கிளிப் இல்லாதது என்று அர்த்தம், ஆனால் ஷூவின் அடியிலிருக்கும் கட்டை பெடலுக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும், குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால்தான் விடும், திருப்ப மறந்தவர்கள் சிக்னலில் நின்ற இடத்திலேயே சாய்வார்கள், நானும் மூணு தடவை விழுந்திருக்கேன் என்று சிரித்தான், சிரித்தபிறகு அவள் காலைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

விடுவது என்றதும் துண்டு நினைவுக்கு வந்தது, அப்பாவின் ஈரிழைத் துண்டு, மில்லுக்குப் போகிற வழியில் அவளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடுவார், பின் காரியரில் உட்காருவாள், தொங்குகிற கால் ஒருநாள் சக்கரக் கம்பிக்குள் போய்விட்டது, மறுநாளிலிருந்து துண்டால் அந்தக் காலைச் சைக்கிள் கம்பியோடு சேர்த்துக் கட்டினார், அன்பாகத்தான் கட்டினார், வலிக்குதா சாமி என்று கேட்டுக் கேட்டு முடிச்சுப் போட்டார், ஒரு காலையில் டீக்கடைச் சுவரில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உள்ளே போகிறார், சைக்கிள் மெதுவாக, மிகவும் மெதுவாகச் சரிகிறது, அவளும் அதோடு சரிகிறாள், சத்தம் போடவில்லை, ஏன் போடவில்லை என்று இன்றைக்கும் தெரியவில்லை, பெஞ்சுக்கு அடியில் யாரோ பிய்த்துப் போட்ட பன் துணுக்கை எறும்புகள் தூக்கிக்கொண்டு போகின்றன, முடிச்சு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது, ஆனால் அதை அவிழ்ப்பது அப்பாவின் வேலை, அவர் வரட்டும் என்று படுத்திருந்தாள், அப்பா வந்தார், அவிழ்த்தார், தூக்கினார், கை காலெல்லாம் தடவிப் பார்த்தார், அவளுக்கு ஒன்றும் இல்லை, அதன்பிறகு சைக்கிள் கிடையாது, பஸ்தான்.

பிரிட்டோ முதல் ஜோடியை மாட்டினான், பந்தயக்காரர்கள் போடுவது, ஒரு பக்கம் மட்டும் பூட்டும், வலது கால் ஒரு சொடுக்கில் வெளியே வந்தது, இடது வரவில்லை, அவள் மூளை சொல்வது கணுக்காலோடு நின்றுபோகிறது, பிரிட்டோ குனிந்து இரண்டு கையாலும் பாதத்தைத் திருப்பி எடுத்துவிட்டான், அவள் எங்கோ சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓரத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த குமாரசாமி எழுந்து வந்தார், அவளுடைய கணவர், இருபத்தாறு வருடமாக அவளுக்கு இடதுபக்கமாகவே நடக்கிறவர், படி என்றால் அவர் கை தானாக வந்துவிடும், அவள் கேட்டு வந்ததில்லை, அவள் கேட்காததால் வராமலும் இருந்ததில்லை. போதும் அம்மிணி, என்றார், வீட்டுல இருக்கறதையே மிதிச்சுக்கலாம், நடுரோட்டுல விழுந்து கெடந்தா யாரு பாக்கறது. கோபமில்லை அந்தக் குரலில், அவளுக்கும் கோபம் வரவில்லை, அடுத்ததை மாட்டுங்க தம்பி என்றாள்.

அடுத்தது மலைப் பாதையில் ஓட்டுகிறவர்களுடையது, இரண்டு பக்கமும் பூட்டும், எந்தப் பக்கம் திருப்பினாலும் விடும், பிடியை எவ்வளவு தளர்த்த வேண்டுமோ தளர்த்திக்கொள்ளலாம், ரோடு பைக்குக்கு இதைப் போட்டா பாக்கறவங்க சிரிப்பாங்க்கா என்றான் பிரிட்டோ, சிரிக்கட்டும் என்றாள், அவன் ஆலன் கீயால் திருகிக்கொண்டே வந்தான், இதுக்குமேல லூஸ் பண்ணுனா நின்னு மிதிக்கறப்ப கழண்டுக்குமுங்க, நான் நிற்கப் போவதில்லை என்றாள். பாதத்துக்குச் சொல்லிப் பயனில்லை, இடுப்புக்குச் சொல்லிப் பார்ப்போம் என்று தோன்றியது, இடுப்பு அவளுடையது, தொடையும் பாதி அவளுடையது, மேலே இருந்து மொத்தக் காலையும் ஒரு கதவைப்போல் திருப்பினாள், வரவில்லை, மறுபடி, வரவில்லை, எத்தனையாவது தடவையோ வந்தது, அடுத்த தடவை வரவில்லை, அதற்கடுத்தது வந்தது, இதையே போடுங்க என்றாள்.

இரண்டு மாதம் மைதானத்தில் குமாரசாமி பிடித்துக்கொள்ள ஓட்டிப் பழகியபிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பேரூர் தாண்டிச் சிறுவாணி ரோட்டில் போய்க்கொண்டிருக்கிறாள், பின்னால் ஸ்கூட்டரில் குமாரசாமி, வரவேண்டாமென்று அவள் சொல்லியும் கேட்கவில்லை, சோளக்காட்டுக் காற்று முகத்தில் அடிக்கிறது, இரண்டு கால்களும் ஒரே வட்டத்தில் சுற்றுகின்றன, எது நல்ல கால் என்று வட்டத்துக்குத் தெரியவில்லை, இப்படியே ஆலாந்துறைவரை போய்விடலாம் என்று நினைக்கும்போது பஸ் நிறுத்தத்தில் ஓர் ஆடு குறுக்கே வந்தது, பிரேக் பிடித்தாள், வலது காலைச் சரியாக விடுவித்தாள், ஆனால் பைக் இடதுபக்கமாகச் சாய்ந்தது, தடுக்க ஒன்றுமில்லை, தோளும் முழங்கையும் தாரில் உரச அப்படியே படுத்துவிட்டாள், கால் பெடலோடு பைக்குக்கு அடியில்.

ஸ்கூட்டரைப் போட்டுவிட்டுக் குமாரசாமி ஓடிவந்தார், நிறுத்தத்தில் நின்றிருந்த இரண்டு பெண்களும் வந்தார்கள், ஒருத்தி காலைத் தொடக் குனிந்தாள். தொடாதீங்க, என்றாள் வசந்தாமணி, கொஞ்சம் இருங்க. முழங்கை எரிந்தது, தார் இன்னும் சூடேறியிருக்கவில்லை, குதிகாலை வெளியே தள்ளத் தரை விடவில்லை, சரி, உள்ளே, இடுப்பிலிருந்து திருப்பினாள், இல்லை, மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடி, இல்லை, எல்லோரும் நின்றார்கள், பெண்களில் ஒருத்தி குமாரசாமியைப் பார்த்தாள், இவரென்ன சும்மா நிற்கிறார் என்பதுபோல, மூன்றாவது முறை பாதம் கழன்று தார்மேல் விழுந்தது, விழுந்த பாதத்தை அவள் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள், சொன்னதைக் கேட்டிருக்கிறது. குமாரசாமியின் கைகள் அதுவரை அவளை நோக்கி நீண்டபடியே இருந்தன, அவற்றை என்ன செய்வதென்று தெரியாமல் மெதுவாக மடக்கி, முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார், ரத்தம் வருது அம்மிணி என்றார், வரட்டுங்க என்று சொல்லிவிட்டு அவள் பைக்கைப் பிடித்து எழுந்தாள், கால்களை ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டு கிளம்பினாள், அவர் ஸ்கூட்டரை நிமிர்த்தி அதன்மேல் உட்கார்ந்திருந்தார், அவள் வளைவு தாண்டுகிறவரை ஸ்டார்ட் செய்யவில்லை.